குறி எங்கே தவறுகிறது? மவுஸ் சென்சிட்டிவிட்டி சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

எய்ம், அதாவது குறிவைப்பு, சரியில்லை என்றதும் பலரும் முதலில் கைவைப்பது சென்சிட்டிவிட்டி (சுருக்கமாக சென்ஸ்) எண்ணில்தான், அதாவது மவுஸ் அசைவுக்கு விளையாட்டில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பில்தான். ஆனால் பல நேரம் அந்த எண்ணில் கோளாறே இருக்காது. விண்டோஸில் மறந்துபோன ஒரு டிக், ஈரம் ஏறிய மவுஸ்பேட், சண்டை நடக்கும்போது மட்டும் சரியும் எஃப்பிஎஸ் (விநாடிக்கு விளையாட்டு வரையும் படங்களின் எண்ணிக்கை), உயரம் பொருந்தாத நாற்காலி என்று எந்தச் சிக்கலாக இருந்தாலும் கைக்கு ‘சென்ஸ் செட்டாகவில்லை’ என்றே தோன்றும். எண்ணை மாற்றியதும் புதுமையில் கவனம் கூடி ஓரிரு நாள் நன்றாகவே ஆடலாம். அதற்குப் பிறகு பழைய தொல்லை திரும்பிவிடும், எண்ணும் மறுபடி மாறும். குறி எந்தப் பக்கம் தவறுகிறது, எந்த மாதிரி அசைவில் தவறுகிறது என்று பார்த்துவிட்டுக் கீழே அதற்குரிய பகுதிக்குப் போங்கள். உதாரணங்கள் பெரும்பாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, வேலோரன்ட் இரண்டிலிருந்தும் வருகின்றன. முறை எந்தத் துப்பாக்கி விளையாட்டுக்கும் பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன்: அளந்து எழுதிவையுங்கள்

‘என் சென்ஸ் 0.35’ என்று சொன்னால் அதில் எந்தத் தகவலும் இல்லை. எந்த டிபிஐ (ஒரு அங்குல நகர்வுக்கு மவுஸ் அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை), எந்த விளையாட்டு என்பதையும் சேர்த்தால்தான் பொருள் கிடைக்கும். விளையாட்டில் ஒரு முழுச்சுற்று, அதாவது 360 பாகை திரும்ப, மேசையில் மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பதே எல்லா விளையாட்டுக்கும் பொதுவான அளவு. இதைக் கணக்கிடுவது எளிது. டிபிஐயையும் சென்ஸையும் பெருக்குங்கள். வேலோரன்ட் என்றால் 13063-ஐ அந்தப் பெருக்குத்தொகையால் வகுங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் இரண்டுக்கும் 41564. ஓவர்வாட்ச் 2-க்கு 138545. வரும் விடை சென்டிமீட்டரில் இருக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் டிபிஐ எத்தனையோ அத்தனை துடிப்புகளைக் கணினிக்கு அனுப்பும். சென்ஸ் 1-ல் ஒவ்வொரு துடிப்புக்கும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 0.022 பாகை திருப்புகிறது, வேலோரன்ட் 0.07 பாகை, ஓவர்வாட்ச் 0.0066 பாகை. மீதி எல்லாம் வகுத்தல்தான். 800 டிபிஐயில் வேலோரன்ட் 0.35 என்றால் முழுச்சுற்றுக்கு 46.7 செ.மீ. 800 டிபிஐயில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.0 என்றால் 52 செ.மீ.

கணக்கோடு நிற்காமல் ஸ்கேலை வைத்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பேடின் ஓரத்தில் ஸ்கேலை ஒட்டி, விளையாட்டில் ஒரு சுவரில் தெளிவான ஒரு புள்ளியில் கிராஸ்ஹேரை (திரை நடுவிலுள்ள குறியை) வைத்து, அதே புள்ளி மறுபடி வரும்வரை மவுஸை மெதுவாக ஒரே திசையில் நகர்த்துங்கள். பேட் சிறியதென்றால் அரைச்சுற்று அளந்து இரட்டிக்கலாம். கணக்கும் அளவும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நல்லது. அதைவிட அதிகம் விலகினால், நீங்கள் நினைக்கும் டிபிஐயில் மவுஸ் இல்லை, அல்லது நடுவில் ஏதோ ஒன்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அடுத்த பகுதி அதற்குத்தான்.

வேலோரன்ட் வீரர்களின் பெருக்குத்தொகை பெரும்பாலும் 200-க்கும் 400-க்கும் இடையே இருக்கும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் 600-க்கும் 1200-க்கும் இடையே. தூரமாக மாற்றிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே: 33 முதல் 69 செ.மீ. எங்கே தொடங்குவதென்றே தெரியாதவர்கள் 45 செ.மீ.யில் தொடங்கலாம். 20 செ.மீ.க்குக் கீழே இருந்துகொண்டு ஹெட்ஷாட் விழவில்லை என்றால் மட்டும் மற்ற பகுதிகளைப் படிப்பதற்கு முன் 35-க்காவது மேலே ஏற்றிவிடுங்கள், அதாவது சென்ஸைக் குறையுங்கள்.

அறிகுறி: ஒரே அளவுதான் நகர்த்துகிறேன், குறி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது

முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். இது இருக்கும்வரை எந்தச் சென்ஸும் கைக்குப் பழகாது.

சோதனை இப்படி. பேடின் மேல் கனமான இரண்டு புத்தகங்களை 25 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். மவுஸை இடது புத்தகத்தோடு ஒட்டிவைத்து, கிராஸ்ஹேர் சுவரில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று பாருங்கள். மிக மெதுவாக வலது புத்தகம் வரை கொண்டுபோங்கள். பிறகு வேகமாக இழுத்து இடது புத்தகத்துக்குத் திரும்புங்கள். புத்தகத்தில் முட்டும்போது மவுஸ் சாயக்கூடாது, கடைசி ஒரு சென்டிமீட்டரை மென்மையாக முடிக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்யுங்கள்.

கிராஸ்ஹேர் பழைய புள்ளிக்கே வந்தால் மவுஸிலும் விண்டோஸிலும் குறையில்லை. புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போய் நின்றால் ஆக்சிலரேஷன் இருக்கிறது, அதாவது வேகமாக இழுத்தால் அதிகம் திரும்புகிறது. புள்ளியை எட்டாமல் நின்றால் வேகத்தைச் சென்சாரால் தாங்க முடியவில்லை.

தாண்டுகிறதா? கண்ட்ரோல் பேனலில் மவுஸ், அதில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ் தாவலுக்குப் போய் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ டிக்கை எடுங்கள். துல்லியத்தைக் கூட்டுவது போலப் பெயர் வைத்திருந்தாலும் அது செய்வது ஆக்சிலரேஷன்தான், விண்டோஸில் இயல்பாகவே ஆன் ஆகித்தான் வரும். அங்கேயே வேகப் பட்டை 11 படிகளில் 6-வது படியில், நட்டநடுவில் இருக்கட்டும். விண்டோஸ் 11-ன் செட்டிங்ஸில் அதே இடம் 20-க்கு 10 என்று தெரியும். இன்றைய பெரும்பாலான துப்பாக்கி விளையாட்டுகள் மவுஸின் துடிப்புகளை நேரடியாகப் படிப்பதால் இந்த இரண்டும் அவற்றைப் பாதிக்காது. பழைய விளையாட்டுகளிலும், ‘ரா இன்புட்’ (அந்த நேரடி வாசிப்பு) அணைந்திருக்கும் இடங்களிலும் பாதிக்கும். அதனால் விளையாட்டின் மெனுவில் ‘ரா இன்புட்’, ‘மவுஸ் ஆக்சிலரேஷன்’, ‘மவுஸ் ஸ்மூத்திங்’ என்று இருந்தால் முதலாவதை ஆன் செய்து மற்ற இரண்டையும் அணையுங்கள். மவுஸ் கம்பெனியின் மென்பொருளுக்குள்ளும் தனியாக ஒரு ஆக்சிலரேஷன் இருக்கக்கூடும், அதையும் பாருங்கள்.

எட்டாமல் நிற்கிறதா? சென்சாரின் வேக எல்லையைப் பாருங்கள். அலுவலக மவுஸ்களில் இது விநாடிக்கு 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. அளவில்கூட இருக்கும். 20 செ.மீ. தூரத்தைப் பத்தில் ஒரு விநாடியில் இழுத்தால் சராசரி வேகமே விநாடிக்கு 2 மீட்டர். அப்போது சென்சார் தரையைத் தவறவிடும், குறி நடுவிலேயே நின்றுவிடும், சில மவுஸ்களில் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். பிக்ஸ்ஆர்ட் 3360 சென்சார் 250 அங்குலம் வரை, 3395 சென்சார் 650 அங்குலம் வரை தாங்கும். கை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் இவற்றின் எல்லையைத் தொடுவது அரிது. விலை குறைந்த மவுஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட டிபிஐயைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சென்சாரின் பெயரைத் தேடுங்கள். பெயரே போடவில்லை என்றால் வேறு மவுஸ் பார்ப்பது நல்லது.

நல்ல சென்சாராக இருந்தும் எட்டவில்லை என்றால் லென்ஸ் குழியில் முடியோ தூசியோ சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பான மேசை, கண்ணாடி, பல நிறங்களில் பளிச்சென்று படம் அச்சிட்ட பேட் ஆகியவையும் சென்சாரைத் தடுமாறவைக்கும்.

புத்தகச் சோதனையில் தேறியும் ஆட்டத்தில் மட்டும் திடீரென்று சென்ஸ் மாறுகிறதென்றால் சக்கரத்தின் பின்னால் இருக்கும் டிபிஐ பட்டனைச் சந்தேகியுங்கள். துப்பாக்கி மாற்றச் சக்கரத்தை உருட்டும்போது விரல் அதில் பட்டு 800 என்பது 1600 ஆகிவிடும். மென்பொருளில் டிபிஐ நிலைகளை ஒன்றே ஒன்றாகக் குறைத்துவிடுங்கள், அல்லது அந்தப் பட்டனுக்கு வேறு வேலை கொடுங்கள். சிக்கல் கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் வந்தால், அமைப்பு மவுஸின் சொந்த நினைவகத்தில் பதியாமல் மென்பொருளில் மட்டும் இருக்கிறது என்று பொருள். ‘ஆன்போர்ட் மெமரி’ பயன்முறையில் சேமியுங்கள்.

மவுஸைத் தூக்கி வைக்கும்போது மட்டும் குறி நகர்ந்தால் அது தூக்கும் உயரத்தின் சிக்கல். ஒரு சிடியின் தடிமன் 1.2 மி.மீ. முன் ஸ்கேட்டின் (மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையின்) கீழே ஒன்று, பின் ஸ்கேட்டின் கீழே ஒன்று, நடுவில் சென்சார் வெறும் பேடைப் பார்த்தபடி இருக்குமாறு வைத்து அசைத்துப் பாருங்கள். குறி நகராவிட்டால் நல்லது. இரண்டிரண்டு சிடி அடுக்கியும், அதாவது 2.4 மி.மீ. உயரத்திலும் நகர்ந்தால் மென்பொருளில் ‘லிஃப்ட் ஆஃப் டிஸ்டன்ஸ்’ என்பதை 1 மி.மீ. அல்லது ‘லோ’ என்று வையுங்கள்.

அறிகுறி: குறி எதிரியைத் தாண்டிப்போகிறது, அல்லது எட்டாமல் நிற்கிறது

உண்மையாகவே சென்ஸ் எண்ணைத் தொட வேண்டிய இடம் இதுதான். அதிலும் உணர்வை நம்பாமல் எண்ணிப் பார்த்துவிட்டுத் தொட வேண்டும். சுட்ட தோட்டா எங்கே போனது என்பது ஆடுபவருக்குச் சரியாக நினைவில் நிற்காது.

பயிற்சி அரங்கில் அசையாத பொம்மைகளின் தலைக்கு 30 ஃப்ளிக் (குறியைச் சட்டென்று இழுத்துச் சுடுவது) அடியுங்கள், திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். கிராஸ்ஹேரை ஒவ்வொரு முறையும் வேறு தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், இடமிருந்தும் வலமிருந்தும் பாதிப்பாதி. பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டி, குறியின் முதல் இழுவை எங்கே நின்றது என்று மட்டும் பாருங்கள், பிறகு செய்த திருத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ‘தாண்டியது’, ‘எட்டவில்லை’, ‘தலையிலேயே’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்.

தலையில் பட்டவற்றை விலக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தாண்டியவை என்றால் சென்ஸைக் குறையுங்கள், எட்டாதவை என்றால் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 சதவீதம் போதும். வேலோரன்டில் 0.35 என்றால் 0.32, அல்லது மறுபக்கம் 0.38. அதைவிடப் பெரிதாகத் தாவினால் கை பழகியிருக்கும் எல்லா அசைவும் ஒரேயடியாகக் கலைந்துவிடும், முன்னேற்றமா பின்னடைவா என்று சொல்லவே முடியாது. மாற்றிய எண்ணைக் குறைந்தது ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி 30 ஃப்ளிக் எண்ணுங்கள்.

இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகத் தவறுகிறதா? அப்படியானால் சென்ஸைத் தொடாதீர்கள். எந்த எண்ணை வைத்தாலும் சிதறல் அப்படியே இருக்கும், அதன் நடு மட்டும் நகரும். அது பயிற்சிக்குறை அல்லது உடலை வைத்திருக்கும் விதத்தின் குறை.

தூரத்தைப் பொறுத்துத் தவறு மாறுகிறதா என்பதையும் பாருங்கள், ஏனெனில் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். சின்ன ஃப்ளிக்கில் தாண்டுகிறது, பெரிய ஃப்ளிக்கில் சரியாக இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் உராய்வு. அசையாமல் இருக்கும் மவுஸைக் கிளப்பக் கூடுதல் விசை வேண்டும். தேய்ந்த ஸ்கேட், அழுக்கேறிய பேட், மவுஸை அழுத்திப் பிடிக்கும் கை ஆகியவை இந்தத் தொடக்க விசையை உயர்த்துகின்றன. தலைக்கு அரை சென்டிமீட்டர் போதும் என்ற இடத்தில் கை தள்ளுகிறது, மவுஸ் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னும் தள்ளியதும் விடுபட்டுத் தாவுகிறது. இதற்கு சென்ஸைக் குறைத்தால் பெரிய ஃப்ளிக் எட்டாமல் போகும். ஸ்கேட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் தட்டையாகி, பிளாஸ்டிக் அடிப்பாகம் துணியில் உரசும் நிலைக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். டெஃப்லான் ஸ்கேட் செட் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது. பழையதன் பசையைத் துடைத்து எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். பசை மிச்சமிருந்தால் ஒரு மூலை உயர்ந்து மவுஸ் ஆடும்.

சின்ன ஃப்ளிக் சரி, பெரியது மட்டும் எட்டவில்லை என்றால் மணிக்கட்டை மேசையில் நங்கூரமிட்டது போல ஊன்றி ஆடுகிறீர்கள். மணிக்கட்டு மட்டும் பக்கவாட்டில் திரும்பும் எல்லை சிறிது. பெரிய திருப்பங்களை முழங்கையிலிருந்து இழுங்கள், சென்ஸை அப்படியே விடுங்கள்.

சென்ஸைப் பாதியாக்கியும் இருமடங்காக்கியும் எது பிடிக்கிறது என்று பார்த்து, சுருக்கிச் சுருக்கி ஒரு ‘கச்சிதமான’ எண்ணுக்கு வரும் முறை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைப் பரிந்துரைக்க முடியாது. ஒவ்வொரு எண்ணையும் ஒன்றிரண்டு நிமிடம் தடவிப் பார்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் கைக்குப் பிடிப்பது சற்றுமுன் பழகிய எண்ணாகவே இருக்கும், அதனால் மறுநாள் செய்தால் வேறு விடை வரும்.

அறிகுறி: தலையில் வைத்த குறி நடுங்குகிறது

சென்ஸ் அதிகம் என்பது ஒரு காரணம். முழுச்சுற்றுத் தூரம் 25 செ.மீ.க்குக் கீழே இருந்தால் முதலில் 35 வரை ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேலேயே இருந்தும் நடுங்கினால் பிடியைப் பாருங்கள். சண்டை தொடங்கும் கணத்தில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மவுஸை நெரிக்கின்றனவா? இரண்டு எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகினால் கை அதிரத்தான் செய்யும். தோள் உயர்ந்திருந்தாலும் இதே விளைவு. முழங்கை ஏறத்தாழ 90 முதல் 100 பாகை மடங்கி, முன்கை மேசையின் மட்டத்தில் கிடக்க வேண்டும். நாற்காலி தாழ்ந்திருந்தால் மேசை விளிம்பு முன்கையில் வெட்டும், தோளும் மேலே ஏறும். சாப்பாட்டு மேசையில் ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். தலையணை போட்டு உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

மிகவும் வழுக்கும் பேடும் ஒரு காரணம். கண்ணாடி பேடிலும் வேகமான துணியிலும் குறியை நிறுத்துவது முழுக்கக் கையின் வேலை. வேலோரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போல நின்று குறிவைக்கும் விளையாட்டுகளுக்குச் சற்றே பிடிப்புள்ள துணி பேட்தான் ஏற்றது.

அறிகுறி: ஓடும் எதிரியின் பின்னாலேயே குறி இழுபடுகிறது

ஏபெக்ஸ், ஓவர்வாட்ச் ஆடுபவர்கள் சொல்லும் குறை இது. குறி எப்போதும் ஒரே அளவு பின்தங்கினால் சென்ஸ் குறைவு, 10 சதவீதம் கூட்டுங்கள். பின்தங்கி, பிடித்து, தாண்டி, மறுபடி பின்தங்கி என்று அலைந்தால் அது உராய்வோ தாமதமோதான், சென்ஸ் அல்ல. எதிரி திசை மாற்றும்போது மட்டும் தவறினால் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் இடையிலான இயல்பான தாமதம் அது. எல்லோருக்கும் உண்டு, எந்த எண்ணாலும் தீராது.

அறிகுறி: மவுஸ் கனமாக, தாமதமாக இருக்கிறது

விளையாட்டின் எஃப்பிஎஸ் எண்ணைத் திரையில் வரவையுங்கள். வெறும் மைதானத்தில் 200, புகைக்குண்டும் நாலு பேரும் வந்ததும் 60 என்று சரிந்தால், கனமாகத் தோன்றுவது அந்த நொடியில்தான். இதை சென்ஸ் குறைவு என்று நினைத்து எண்ணைக் கூட்டினால் எஃப்பிஎஸ் நன்றாக இருக்கும் நேரத்தில் குறி தாண்டும். நிழல், விளைவுகள், ரெசல்யூஷன் ஆகியவற்றைக் குறைத்து, மோசமான நேரத்தின் எஃப்பிஎஸ்ஸை உயர்த்துங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, பவர் மோடை ‘பெஸ்ட் பர்ஃபார்மன்ஸ்’ என்று வையுங்கள். விசிங்க்கை (படங்களைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் அமைப்பை) அணையுங்கள்.

போலிங் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை மவுஸ் கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பது, 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் மவுஸ் பேசுகிறது. 1000 ஹெர்ட்ஸில் 1 மில்லிவிநாடி. இந்த மாற்றம் செய்யத் தகுந்தது. அதற்கு மேல் 4000, 8000 என்று போவது 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவருக்குப் பயனில்லை, ஏனெனில் அந்தத் திரை படத்தையே 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் மாற்றுகிறது. மாறாக, பழைய ப்ராசஸரில் 8000 ஹெர்ட்ஸ் வைத்தால் மவுஸை அசைக்கும்போதெல்லாம் எஃப்பிஎஸ் சரியும். அப்படி நடந்தால் 1000-க்கு இறக்கிப் பாருங்கள். வேலோரன்டில் ‘ரா இன்புட் பஃபர்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது உயர் போலிங் ரேட் மவுஸுக்காக வந்தது.

வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி ரிசீவர்) இருக்கும் இடத்தைப் பாருங்கள். கேபினட்டின் பின்பக்கம், யுஎஸ்பி 3 போர்ட்டில், பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க் செருகி என்றால் தொல்லை நிச்சயம். யுஎஸ்பி 3 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது, டாங்கிள் பேசுவதும் அதில்தான். நீட்டிப்பு கேபிள் போட்டு டாங்கிளைப் பேடுக்கு 20–30 செ.மீ. அருகில் கொண்டுவாருங்கள். ப்ளூடூத்தில் ஆட வேண்டாம்.

அறிகுறி: மெதுவாக நகர்த்தினால் குறி படிப்படியாகத் தாவுகிறது

டிபிஐ குறைவு, விளையாட்டின் சென்ஸ் அதிகம். 1920 பிக்சல் அகலத் திரையில் வேலோரன்டின் நடுப்பகுதியில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.075 பாகை. சென்ஸ் 1.2 என்றால் ஒரு துடிப்புக்கே 0.084 பாகை திரும்புகிறது, ஒரு பிக்சலைத் தாண்டிவிடுகிறது. டிபிஐயை இரட்டித்து சென்ஸைப் பாதியாக்குங்கள், தூரம் மாறாது. சென்ஸ் 0.3, 0.4 என்று வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கலே வராது. 800 அல்லது 1600 டிபிஐ யாருக்கும் போதும்.

அறிகுறி: பின்னால் திரும்புவதற்குள் பேட் முடிந்துவிடுகிறது

45 செ.மீ. அகலப் பேடின் நடுவில் மவுஸ் இருந்தால், மவுஸின் அகலம் போக ஒரு பக்கத்துக்கு 19 செ.மீ. கிடைக்கும். அரைச்சுற்று 19 செ.மீ.யில் முடிய வேண்டுமென்றால் முழுச்சுற்று 38 செ.மீ. ஏபெக்ஸ் போல முதுகுப்பக்கத்திலிருந்து சுடுவது வழக்கமான விளையாட்டில் இந்தக் கணக்கை மதியுங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் மூலையைப் பார்த்துக் குறி வைத்துக்கொண்டே நகர்வதுதான் ஆட்டம். அதற்காக சென்ஸைக் கூட்டாமல், கீபோர்டைச் சாய்த்துவைத்தோ எண் பகுதி இல்லாத கீபோர்டுக்கு மாறியோ இடத்தைப் பெருக்குங்கள்.

அறிகுறி: ஸ்கோப் வைத்தால் மட்டும் குறி தவறுகிறது

சாதாரணக் குறி சரியாக இருந்தால் அடிப்படை சென்ஸைத் தொடாதீர்கள், ஸ்கோப்புக்கான பெருக்கியை மட்டும் மாற்றுங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ல் அது 1.0 என்று இருக்கும். ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியின் முதல் ஜூமில், திரையின் நடுவில் குறியின் வேகம் கைக்கு ஜூம் இல்லாதபோது போலவே இருக்க வேண்டுமென்றால் 0.819 வையுங்கள். ஜூமின் பார்வைக் கோணம் 40, சாதாரணக் கோணம் 90 என்ற இரண்டையும் வைத்துக் கணக்கிட்ட எண் அது. பெரிய ஃப்ளிக் அடித்துப் பழகிய ஸ்னைப்பர்களுக்கு 1.0-வே பிடிக்கலாம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் 4:3 ஸ்ட்ரெச்சுக்கு மாறியதும் பக்கவாட்டு அசைவு வேகமாகத் தெரியும். படம் அகலத்தில் 1.33 மடங்கு இழுக்கப்படுவதால் வரும் தோற்றம் அது. முழுச்சுற்றுத் தூரம் மாறவில்லை. கண் பழக ஒரு வாரம் கொடுங்கள், எண்ணைத் தொடாதீர்கள்.

அறிகுறி: நேராக இழுத்தால் குறி மேலோ கீழோ சாய்கிறது

மவுஸைச் சற்றே திருப்பிப் பிடிக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பலமுறை இழுங்கள், சுவரின் கிடைக்கோட்டிலிருந்து குறி எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் உறுதி. பிடியைத் திருத்துங்கள், அல்லது சில மென்பொருள்களில் இருக்கும் சென்சார் சுழற்சி அமைப்பை ஓரிரு பாகை மாற்றுங்கள். ‘ஆங்கிள் ஸ்னாப்பிங்’ இதற்கு மருந்தல்ல. அது எல்லாக் கோட்டையும் வலிந்து நேராக்கும், மூலைவிட்டமாகக் குறிவைப்பதைக் கெடுக்கும். அணைத்தே வையுங்கள்.

அறிகுறி: ஒரு நாள் தலை தலையாக விழுகிறது, மறுநாள் ஒன்றும் விழவில்லை

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது வானிலையோடு சேர்ந்து வரும். துணி பேட் காற்றின் ஈரத்தையும் கை வியர்வையையும் உறிஞ்சிக்கொள்கிறது, மவுஸ் ஒட்டுகிறது. ஏசி போட்ட அறையில் அதே பேட் வேகமாக இருக்கும். சந்தேகம் வந்தால் முன்கை படும் இடத்தையும் நாள்தோறும் பயன்படாத மூலையையும் மவுஸால் தேய்த்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் பேடைக் கழுவ வேண்டும். சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, சோப்பு முழுவதும் போகும்வரை அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். வெந்நீரும் வெயிலும் ரப்பர் அடியைப் பிரித்துவிடும். முன்கைக்கு லைக்ரா ஸ்லீவ் ஒன்று போட்டால் வியர்வைத் தொல்லை பெருமளவு குறையும்.

அறிகுறி: மணிக்கட்டு வலிக்கிறது

மணிக்கட்டை ஊன்றி அதிக சென்ஸில் ஆடுபவருக்கு மணிக்கட்டிலும், மிகக் குறைந்த சென்ஸில் மணிக்கணக்கில் இழுப்பவருக்குத் தோளிலும் வலி வரும். 40–50 செ.மீ. எல்லைக்கு வந்து, மணிக்கட்டு மேல்நோக்கி வளையாத உயரத்தில் உட்காருங்கள். விரல் மரத்துப்போதல், இரவில் வலி என்று இருந்தால் ஆடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: புது மவுஸ் அல்லது புது விளையாட்டுக்கு மாறியதும் எல்லாம் போச்சு

விளையாட்டு மாறினால் தூரத்தை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கிலிருந்து வேலோரன்டுக்கு 3.18-ஆல் வகுக்க வேண்டும்: 1.0 என்பது 0.314. ஏபெக்ஸுக்கு அதே எண். ஓவர்வாட்சுக்கு 3.33-ஆல் பெருக்க வேண்டும். பார்வைக் கோணம் வேறாக இருப்பதால் முதல் சில நாள் வேகம் வேறாகத் தெரியும், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

மவுஸ் மாறினால் 800 என்று போட்ட இரண்டு மவுஸும் ஒன்றல்ல. ஒன்றுக்கொன்று சில சதவீதம் விலகியிருப்பது சாதாரணம். பழைய மவுஸ் கையில் இருக்கும்போதே ஸ்கேல் வைத்து அளந்த எண் இங்கே உதவும். பழையதில் 46.7 செ.மீ., புதியதில் 44.5 செ.மீ. என்று வந்தால் சென்ஸை 44.5-ஆல் பெருக்கி 46.7-ஆல் வகுங்கள்: 0.35 என்பது 0.334 ஆகும். டிபிஐயை 10 அல்லது 50 படிகளில் மாற்ற முடிந்தால் அங்கேயே சரிசெய்வது இன்னும் நல்லது, எல்லா விளையாட்டும் ஒருசேரச் சரியாகும். அளவு ஒத்துப்போன பிறகும் வேறாக இருந்தால் சென்சார் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சில மவுஸில் அது முன்னே தள்ளி இருக்கும். மணிக்கட்டைச் சுழற்றும்போது முன்னே இருக்கும் சென்சார் பெரிய வில்லாக நகரும், குறியும் அதிகம் போகும். கையை முழுசாக நகர்த்தினால் அந்த வேறுபாடு இராது. மணிக்கட்டால் ஆடுபவராக இருந்தால் 30 ஃப்ளிக் எண்ணிவிட்டு 5 சதவீதம் குறையுங்கள்.